ஒரு கூடை, இரண்டு தோள்

மாமரத்தடியில் மூன்று ஆண்கள் முக்கோணமாக நிற்கிறார்கள். ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்கு என்று மூன்று மூங்கில்கள். ஒவ்வொரு மூங்கிலின் நடுவிலும் ஒரு மீன்கூடை தொங்குகிறது. பக்கத்தில் தரையில், எண்ணெய் மினுமினுக்க, மரம் அறுக்கும் மெஷின். மரத்தின் இடுப்பில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிய பெருக்கல் குறி.

அந்தக் குறியைப் போட்டவள் நான், மின்துறை ஜூனியர் இன்ஜினியர். பின்னால் தெரிந்து நீங்கள் திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

"மேடம், இன்னும் எவ்ளோ நேரம்? தெருவே பார்க்குது, வெட்கமா இருக்கு, சரம் லக்தா ஹை" என்று முனகினார் லைன்மேன் பிஸ்வாஸ்தா. வங்காளக்காரர். முப்பது வருடம் தமிழர்களோடு கம்பம் ஏறியதில் பாதித் தமிழராகிவிட்டவர்.

"அசையாதீங்க. அசைஞ்சா மரம் போச்சு" என்றேன்.

போன வாரம் கம்பம் ஏறிய கதையைப் படித்த வாசகி ஒருவர், 'கரண்ட் வேலையில் சிரிப்பாக எதுவுமே நடக்கவில்லையா?' என்று கேட்டிருந்தார். நடந்தது தாயே. என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. கேளுங்கள்.

ரோசரி அக்காவின் கடை

போர்ட் பிளேரில் மரைன் ஹில் சரிவில் இறங்கினால், துறைமுகம் கண்ணில் படும் திருப்பத்தில் ஒரு மாமரம் இருக்கும். அதன் கீழே நாலு பெஞ்சு, இரண்டு அடுப்பு. அதுதான் ரோசரி அக்காவின் சாப்பாட்டுக் கடை. கூரை கிடையாது, சுவர் கிடையாது. மரம்தான் கூரை.

அக்காவின் குடும்பம் குமரிக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்தது. தீவுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் 'எனக்க', 'உனக்க' போகவில்லை; ஒரே ஆளைக் கூப்பிட்டாலும் 'மக்களே'தான். கப்பலில் சுமை இறக்குகிறவர்கள், ஆபீஸ் பியூன்கள், எங்களைப் போன்ற லைன் ஆட்கள் எல்லோருக்கும் மத்தியானச் சோறு அங்கேதான். அக்காவின் சூரை மீன் குழம்பைச் சாப்பிட்டவன் மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்கமாட்டான் என்று எங்கள் ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு.

மரத்துக்குப் பத்தடி தள்ளி எங்கள் டிரான்ஸ்ஃபார்மர். மேலே மூன்று உயர் அழுத்தக் கம்பிகள் வரும். கம்பிக்கு ஒன்றாக மூன்று ஃப்யூஸ் குழல்கள். அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் ஓடினால், உள்ளே இழை உருகி, குழல் கழன்று தலைகீழாகத் தொங்கும். கீழே வீடுகளுக்குப் போகும் பக்கத்திலும் ஒரு பெட்டியில் மூன்று ஃப்யூஸ்.

அந்த வருடம் மழை விட்ட கையோடு மேலே இரண்டு குழல்கள் தொங்க ஆரம்பித்தன. போய் மாட்டுவோம், கரண்ட் வரும். நாலு நாள் கழித்து மறுபடி இரண்டு தொங்கும். மாட்டுவோம். மறுபடி.

வௌவால் சட்டம்

எங்கள் லைன் ஆட்களிடம் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. மேலே ஒரு ஃப்யூஸ் போனால் கிளை. இரண்டு போனால் வௌவால். மூன்றும் போனால் இடி.

சும்மா சொன்ன சட்டம் இல்லை அது. எங்கள் ஊர்ப் பழந்தின்னி வௌவால் சிறகு விரித்தால் ஒரு ஆள் கை விரித்த மாதிரி இருக்கும். இரண்டு கம்பிக்கு நடுவே அது விழுந்தால் இரண்டு ஃப்யூஸும் போகும்தான். எத்தனையோ தடவை செத்த வௌவாலைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ரெண்டு போயிருக்கு. கீழ்ப் பெட்டியில மூணும் நல்லா இருக்கு. அப்ப கோளாறு மேலதான். வௌவாலு, வேற என்னா?" என்றார் பெருமாள் அண்ணன். எங்கள் ஃபோர்மேன் அவர். கட்சால் தீவில், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். கம்பத்தின் மேல் அவருக்கு இருக்கும் நிதானம் தரையில் எனக்குக் கிடையாது.

"செத்த வௌவால் எங்கே அண்ணே?"

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

ஐந்து தடவையும் நாயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அப்படிப்பட்ட சுறுசுறுப்பான நாய்!

துணை மின்நிலையத்துக்கும் போன் போட்டேன். மண்ணுக்குக் கரண்ட் கசிந்தால் காட்டிக்கொடுக்கும் ரிலே ஒன்று அங்கே உண்டு. "அது அசையவே இல்லை மேடம்" என்றார் ஆபரேட்டர். மண்ணுக்குப் போகவில்லை, இரண்டு கம்பிக்குள்தான் சண்டை. வௌவால் வழக்கு இன்னும் பலமாகிவிட்டது.

எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. சார், கையை மேசையில் தட்டினார். நல்ல மனிதர், ஆனால் தினமும் புகார் போன் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது சிவந்திருந்தது. "வௌவாலைப் பிடிக்க முடியாது. மரத்தை வெட்டலாம். சனிக்கிழமை காலையில் ஆள் வரும். நீ மரத்தில் குறி போட்டு வை" என்றார்.

போட்டேன். வியாழக்கிழமை, ரோசரி அக்கா பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போட்டேன். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"மக்களே, கரண்டு போறது எல்லாம் மத்தியானம் ரெண்டு மணிக்கு. அந்நேரம் வௌவாலு பறக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் தெரியாததை மறைக்கக் கோபம் நல்ல போர்வை. "எல்லாம் பார்த்துட்டுத்தான் அக்கா முடிவு பண்ணியிருக்கோம்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேரும் வரை, கையில் ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

கப்பலில் படித்த பாடம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது மெயின்லேண்டில். அப்பா அரசு ஊழியர், ராமநாதபுரத்துக்காரர். விமானம் எல்லாம் கனவு. விடுமுறை என்றால் கப்பல்தான், மூன்று நாள். ஒரு தடவை பரீட்சைக்குத் திரும்பும்போது கடல் கொந்தளித்து, பங்க் படுக்கையில் கிடந்தபடி ஒரு கையில் வாந்திப் பையும் மறு கையில் டிரான்ஸ்ஃபார்மர் புத்தகமுமாகப் படித்தேன். மேல் சுருள்கள் முக்கோணமாகக் கட்டியிருந்தால், கீழ்ச் சுருள்கள் நட்சத்திரமாகக் கட்டியிருந்தால், கீழே வரும் கோளாறு மேலே எப்படித் தெரியும் என்ற அத்தியாயம். பக்கத்து பங்க் அம்மாள், "என்ன பாப்பா, ஜெபமா?" என்று கேட்டார். உதடு அப்படி அசைந்திருக்கிறது.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. வெளுத்து வாங்கினேன். வாத்தியார் என் விடைத்தாளை வகுப்பில் தூக்கிக் காட்டினார். அத்தோடு அந்தப் பாடத்தையும் கப்பலிலேயே இறக்கி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அதே கேள்வி கம்பத்தில் ஐந்து தடவை தலைகீழாகத் தொங்கியும் எனக்கு உறைக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் பொய்யாக்கவில்லை.

பாதிச் சோற்றில்

வெள்ளிக்கிழமை மத்தியானம். எந்த முகத்தோடு போவது என்று தயங்கினேன். ஆனால் பசி இருக்கிறதே! போய் உட்கார்ந்தேன். அக்கா வழக்கம்போலச் சோறு வைத்தார், வழக்கத்துக்கு மாறாகப் பேசவில்லை. அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

அப்போது படகுத்துறையிலிருந்து இரண்டு பேர் ஒரு மூங்கிலில் மீன்கூடையைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார்கள். வழியில் ஒருவன் விளையாட்டாக ஒரு ஐஸ் பாளத்தைக் கூடையில் போட்டான். தூக்கி வந்த இருவரும் ஒரே நேரத்தில் "ஏ!" என்று கத்தினார்கள்.

ஒரு கூடை. இரண்டு பேர் கத்தினார்கள்.

எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் போட்டேன். தொங்கின ஃப்யூஸ்கள் எவை? முதல் கம்பி, இரண்டாம் கம்பி. ஐந்து தடவையும் அதே இரண்டு. வௌவாலுக்கு என்ன நேர்த்திக்கடனா, வருகிறபோதெல்லாம் அதே இரண்டு கம்பியில் போய் விழ?

கையைக் கூடக் கழுவாமல் எழுந்து ஓடினேன். டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்த் தகட்டில் காக்கை எச்சம். முந்தானை கிடையாது, சுரிதார் துப்பட்டாவால் துடைத்தேன். தகட்டில் மேல்பக்கச் சுருளுக்கு முக்கோணம். கீழ்ப்பக்கத்துக்கு நட்சத்திரம்.

"அய்யோ அக்கா! உங்க மரம் ஒண்ணும் பண்ணல!" என்று கத்தினேன்.

"அத நான் நேத்தே சொன்னேனே" என்றார் ரோசரி அக்கா.

கல்யாணக் கம்பி

பெருமாள் அண்ணனை வரவழைத்து, லைனை நிறுத்தச் சொன்னேன். "மேல பார்க்க வேண்டாம் அண்ணே. கீழே, வீட்டுப் பக்கம் பாருங்க. ஒரே ஒரு கம்பி எங்கேயோ இரும்பில் படுது."

பெட்டியிலிருந்து கிளம்பும் கேபிள்கள் இரும்புக் கம்பத்தை ஒட்டி மேலே ஏறும். ஒரு கிளாம்பைக் கழற்றினார். அதற்குப் பின்னால், ஒரு கேபிளின் தோல் தேய்ந்து, செம்பு தெரிந்து, இரும்பில் கன்னங்கரேலென்று சுட்ட தழும்பு. மத்தியானம் கடல் காற்று எழும்பினால் கேபிள் ஆடும், இரும்பில் உரசும், வெடிக்கும். வெடித்த வேகத்தில் விலகிக்கொள்ளும். பிறகு நாம் ஃப்யூஸ் மாட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கரண்ட் வரும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

"அது சரி மேடம்" என்று தலையைச் சொறிந்தார் பெருமாள் அண்ணன். "இந்தக் கம்பியோட ஃப்யூஸு கீழ்ப் பெட்டியில முதல்ல போயிருக்கணுமே? அது ஏன் போகல?"

பெட்டியைத் திறந்து அந்த ஃப்யூஸைப் பிடுங்கினார். பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

உள்ளே மெல்லிய ஃப்யூஸ் கம்பி இல்லை. சுண்டுவிரல் கனத்துக்கு முறுக்கிய செம்புக் கம்பி. பச்சை பூத்திருந்தது.

ஆறு மாதம் முன்பு இதே மரத்தடியில் ரோசரி அக்காவின் மகள் கல்யாணம். சீரியல் லைட்டு, மைக் செட்டு, ஐஸ் பெட்டி, பிரியாணிக்கு கிரைண்டர். முதல் நாளே இரண்டு தடவை ஃப்யூஸ் போனது. "மக்களே, எனக்க பிள்ளைக்க கல்யாணத்துல மட்டும் இருட்டாக்கிப் போடாத" என்று அக்கா கையைப் பிடித்தார். நான் பெரிய வள்ளல் போல, "பெருமாள் அண்ணே, ரெண்டு நாளைக்கு மட்டும் தடிச்ச கம்பி போடுங்க" என்றேன். செய்யக்கூடாத வேலை. தெரிந்தே செய்தேன். கல்யாணம் ஜகஜோதியாக நடந்தது. மறுநாள் வேறு தீவுக்குப் புயல் வேலை. கம்பி அங்கேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவள் நான்தான். அந்த ஓணான் இப்போது அக்காவின் மரத்தைக் கேட்கிறது.

"சுப்சாப், சத்தமில்லாம மாத்திடலாம் மேடம்" என்றார் பெருமாள் அண்ணன் மெதுவாக. "இதத் தூக்கிக் கடல்ல போட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

பொய் சொல்ல மாட்டேன், ஆசை வந்தது. கம்பியைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன்.

மூன்று மூங்கில்

ஆக, சனிக்கிழமை காலை. மெஷினோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏ.இ. சார் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

"கேபிள் தேஞ்சிருந்தது, மாத்திட்டே. நல்லது" என்றார். "ஆனால் அது ஒரு கம்பி. போனது இரண்டு ஃப்யூஸ். ஒன்றுக்கு ஒன்றுதானே போகணும்? கணக்கு இடிக்குது. மரத்தை வெட்டு."

வாயால் சொல்லிப் பார்த்தேன். முக்கோணம், நட்சத்திரம் என்று காற்றில் வரைந்தேன். அவர் வாட்சைப் பார்த்தார். அப்போதுதான் படகுக்காரர்களிடம் மூன்று மூங்கிலும் மூன்று கூடையும் கேட்டு வாங்கினேன்.

நிற்கவைத்த மூவர், பெருமாள் அண்ணன், பிஸ்வாஸ்தா, ஜீப் டிரைவர் ராவ். அக்காவின் கடை முழுக்க எழுந்து வந்து சுற்றி நின்றது.

"சார், இந்த மூணு பேரும் மேல இருக்கிற மூணு கம்பி. மேல் சுருள் எதுவும் ஒரே கம்பியில் நிக்கிறதில்லை. ரெண்டு கம்பிக்கு நடுவுலதான் கட்டியிருக்கு, இந்த மூங்கில் மாதிரி. கீழ்ச் சுருள்தான் கூடை. தனித்தனியா தொங்குது. இப்ப கீழே ஒரே ஒரு கம்பியில கோளாறு. அக்கா, அந்தக் கூடையில மட்டும் போடுங்க!"

அக்காவுக்கு இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. முழுச் சூரை மீன் ஒன்றைத் தூக்கி, பெருமாள் அண்ணனுக்கும் பிஸ்வாஸ்தாவுக்கும் நடுவே தொங்கிய கூடையில் தொப்பென்று போட்டார். மேலே ஒரு ஐஸ் பாளம். அதற்கு மேலே, மனசில் இருந்த கோபத்துக்கு, இன்னொன்று.

"அம்மாடி!" என்றார் பெருமாள் அண்ணன்.

"மர் கயா!" என்றார் பிஸ்வாஸ்தா.

ராவ் பாக்கு மென்றுகொண்டு நின்றார். "நாக்கு ஏமீ லேது" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாருங்க சார், ஒரு கூடை, ரெண்டு பேர் கத்துறாங்க. மூணாவது ஆளுக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் எப்பவும் அதே ரெண்டு ஃப்யூஸ். ஒரு கம்பியில மேல வந்த கரண்ட் இன்னொரு கம்பியில திரும்பிடுது. அதான் மண்ணுக்கு எதுவும் போகலைன்னு ரிலே சாதிக்குது."

ஏ.இ. சார் ஜீப்பிலிருந்து இறங்கினார். கூடையைப் பார்த்தார், ராவைப் பார்த்தார். "ரெண்டு கூடையில போட்டா?"

போட்டோம். இரண்டு கூடைக்கும் பொதுவாக நின்ற பிஸ்வாஸ்தா, "அரே பாப்ரே, எனக்கு மட்டும் டபுள்!" என்று அலறினார். கீழே இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று மோதினாலும் மேலே அப்படித்தான், ஒருவன் தலையில் இரண்டு பங்கு. அந்த அத்தியாயத்தின் மிச்சத்தையும் சூரை மீனே நடத்திவிட்டது.

சாருக்கு முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடே அந்தக் கேள்வியையும் கேட்டார்.

"சரி. கீழ்ப் பெட்டி ஃப்யூஸ் ஏன் போகலை?"

பெருமாள் அண்ணன் கூடை பாரத்தோடு என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று.

சொல்லாவிட்டால் கணக்கு முழுமை ஆகாது. கணக்கு முழுமை ஆகாவிட்டால் மெஷின் ஓடும். துப்பட்டா முடிச்சை அவிழ்த்து, பச்சை பூத்த கம்பியைச் சாரிடம் நீட்டினேன்.

"நான்தான் சார் போடச் சொன்னேன். கல்யாணத்துக்கு. எடுக்க மறந்துட்டேன். வௌவால் மேல பழி போட்டு, அக்கா மரத்துல குறியும் நானே போட்டேன்."

சார் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னால் வந்து நின்றது ரோசரி அக்கா.

"சாரே, அவளத் திட்டுறதா இருந்தா என்னையும் திட்டணும். எனக்க பிள்ளைக்க கல்யாணம்னு கையப் பிடிச்சிக் கேட்டது நான்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "கம்பி ஒண்ணுதான், பாத்துக்க. போன ஃப்யூஸு ரெண்டு. நீயும் நானும்" என்றார்.

முதலில் சிரித்தது ஏ.இ. சார்தான். அடக்கிப் பார்த்து, முடியாமல், ஜீப் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டார். அதையும் சிரித்துக்கொண்டே கேட்டார். மெஷின் ஆட்களுக்கு அக்கா சோறு போட்டு அனுப்பினார். பிஸ்வாஸ்தாவுக்கு இரண்டு துண்டு மீன், டபுள் சுமந்ததற்கு.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சந்தோஷம்தான், வேறென்ன. மாமரத்தைத் தொட்டு, "மன்னிச்சுக்கோ" என்று சொன்னதாகவும் ஞாபகம். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சிவப்புக் குறி

சாயங்காலம் மண்ணெண்ணெயும் துணியுமாக மரத்தைத் துடைக்கப் போனேன். பெயின்ட் போவேனா என்றது. பட்டையின் ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கியிருந்தது.

"அழிக்காத" என்றார் அக்கா. ஜீப்பிலிருந்த பெயின்ட் டப்பாவை அவரே எடுத்துவரச் சொன்னார். தூரிகையை வாங்கி, நான் போட்ட பெருக்கல் குறியின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

நட்சத்திரம்.

"கிறிஸ்மஸுக்குத் தனியா வாங்கண்டாம்" என்றார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. நட்சத்திரத்துக்கு மேலே ஒரு முக்கோணமும் வரைந்துவிட்டால் படம் முடிந்துவிடுமே என்று தூரிகையைக் கேட்டேன். அக்கா தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"போடி! இனி எனக்க மரத்துல நீ ஒரு புள்ளி வைக்கக்கூடாது. வந்து உக்காரு. நேத்து பாதிச் சோத்துல எந்திரிச்சிப் போனவளாக்கும்."